கொடி பார்க்க, மணல் நடக்க!

('சென்னை விழாவில் நாம் பெரிதும் போற்ற வேண்டியவை: கட்டடங்களே! பொது இடங்களே!' என்ற பட்டிமன்றத்தில் 'பொது இடங்களே' என்ற அணியில் ஆற்றிய உரை)

மாண்பமை நடுவர் அவர்களே! எங்கள் அணியைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தெம்பாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணிச் செல்வங்களே! அரங்கிலே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு கையிலே காப்பித் தம்ளரும் இன்னொரு கையிலே ரிமோட்டுமாக வீட்டிலே அமர்ந்திருக்கிற அன்பர்களே! அந்த ரிமோட்டை மட்டும் ஒரு இருபது நிமிஷம் கீழே வையுங்கள். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன அழகாகப் பேசினார்! வெள்ளை வெளேரென்று 1913-லே திறந்த ரிப்பன் மாளிகை என்றார். சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1879-லே முடிந்த செனட் ஹவுஸ் என்றார். 1892-லே எழுந்த செங்கல் சிவப்பு உயர்நீதிமன்றம் என்றார். எல்லாம் உண்மை. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அவர் பேசி முடித்ததும் பக்கத்திலே இருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன்: "ஐயா, நீங்க எத்தனை வருஷமா சென்னையில இருக்கீங்க?" "நாற்பது வருஷம்." "உயர்நீதிமன்றத்துக்குள்ள போயிருக்கீங்களா?" அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயையோ! என் மேல எந்தக் கேஸும் இல்லைங்க!" (பலத்த சிரிப்பு)

இதுதான் நிலைமை. கட்டடத்தை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். பொது இடத்திலே நாம் உள்ளே இருக்கிறோம்.

எந்த விழாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். 1639-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதியைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004-லே இந்த நகரத்தை நேசித்த சிலர் சேர்ந்து ஒரு விழாவைத் தொடங்கினார்கள். சென்னை வரலாற்றை வாழ்நாளெல்லாம் எழுதி 2019-லே மறைந்த எஸ். முத்தையா அவர்கள் அதிலே ஒருவர். இது அரசாணை போட்டு வந்த விழா அல்ல. பொதுமக்களே எடுத்த விழா. விடியற்காலையிலே மயிலாப்பூர் மாட வீதியிலே ஒரு கூட்டம் நடந்து பார்க்கும். ஜார்ஜ் டவுனிலே ஒரு கூட்டம் சந்து சந்தாகச் சுற்றும். பழைய புகைப்படங்களை வைத்துக் கண்காட்சி நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடக்கும். ஒருநாள் விழா ஒரு வாரமாகி, அதற்கு மேலும் வளர்ந்துவிட்டது.

சரி, அந்த 1639-லே என்ன நடந்தது? கட்டடம் திறந்தார்களா? இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பிரான்சிஸ் டே என்பவன், நாயக்கர்களிடமிருந்து கடற்கரை ஓரமாக ஒரு துண்டு நிலம் பெற்றான். அன்றைக்கு அவன் பெற்றது என்ன? மணல்! கோட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு வெகு காலம் முன்பே ஊராக இருந்தன என்பது வேறு விஷயம். ஆக, நீங்கள் கொண்டாடுகிற பிறந்தநாள் கட்டடத்துக்கான பிறந்தநாளே அல்ல. ஒரு வெற்று மணல் வெளிக்கு வந்த பிறந்தநாள்! அங்கேயே எங்கள் அணி ஜெயித்துவிட்டது. (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒருவர் இலண்டன் மாநகரத்துக்கே போய்விட்டார். 'அங்கே கட்டடங்களுக்கென்றே ஊர் முழுக்க விழா எடுக்கிறார்கள் ஐயா' என்றார். உண்மைதான் தாயே. 1992-லே விக்டோரியா தார்ண்டன் என்ற அம்மையார் தொடங்கிய விழா அது. பெயர் 'ஓப்பன் ஹவுஸ்'. ஆண்டுதோறும் செப்டம்பரிலே, சாதாரண நாட்களிலே பொதுமக்கள் நுழைய முடியாத எத்தனையோ கட்டடங்களைத் திறந்து, காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். வாசலிலே வரிசை நிற்கிறது. அதைப் பார்த்து நியூயார்க், டப்ளின், மெல்பர்ன் என்று எத்தனையோ நகரங்கள் அதே மாதிரி விழா நடத்துகின்றன.

சகோதரி இதைச் சொன்னதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கட்டடங்கள் ஆண்டு முழுவதும் அங்கேயேதானே நிற்கின்றன? அப்போதெல்லாம் வரிசை நிற்கவில்லையே? கதவு திறந்த அன்றைக்குத்தானே ஜனம் வந்தது! அந்தச் சில நாள் அது ஒரு கம்பெனியின் அலுவலகமாகவோ ஒரு பணக்காரரின் வீடாகவோ இல்லை. ஊருக்கே பொது இடமாகிவிட்டது. அவர்கள் விழா எடுத்தது சுவருக்கா, கதவுக்கா? கதவுக்கு ஐயா, கதவுக்கு! திறந்த கதவுக்கு! (பலத்த கைதட்டல்)

இலண்டன் இருக்கட்டும். நாம் தமிழாசிரியர்கள். நம்ம வீட்டுக்கு வருவோம்.

ஊர் முழுக்க விழா எடுப்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்திலே இந்திர விழா. எத்தனை நாள்? இருபத்தெட்டு நாள்! இப்போதெல்லாம் மூன்று நாள் கல்யாணமே ஒரு வேளை வரவேற்பாகச் சுருங்கிவிட்டது. (சிரிப்பு) அந்த விழாவைச் சிலப்பதிகாரமும் பாடுகிறது, மணிமேகலையும் பாடுகிறது.

எதிரணிச் சகோதரி சிலம்பிலிருந்து ஒரு செய்தி சொன்னார். மான்கண் போலச் சாளரம் வைத்த மாளிகைகளை இளங்கோவடிகள் வியந்து பாடியிருக்கிறார் என்றார். பாடியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அம்மா, அதே காதையிலே இன்னும் கொஞ்சம் நடந்து வாருங்கள். ஊரின் இரண்டு பாக்கத்துக்கும் நடுவிலே, மரங்களே தூணாக நிற்கிற நாளங்காடி வருகிறது. கூரை உண்டா? கிடையாது. நிழல் உண்டு. அப்புறம் ஐந்து மன்றங்கள் வருகின்றன. மன்றம் என்றால் என்ன? ஊரார் கூடுகிற வெளி.

வெள்ளிடை மன்றம். அங்கே திருடன் பொதியைத் தூக்கினால் இறக்கிவைக்க முடியாமல் சுமந்துகொண்டே சுற்றி வருவான். இலஞ்சி மன்றம். ஊனமுற்றோரும் நோயுற்றோரும் முழுகி நலம் பெறுகிற பொய்கை அது. நஞ்சு உண்டவரும் பித்துப் பிடித்தவரும் சுற்றி வந்து தேறுவதற்கு நெடுங்கல் நின்ற மன்றம். தீயவரைத் தண்டிக்கிற பூத சதுக்கம். ஐந்தாவது பாவை மன்றம். அங்கே ஒரு கற்பாவை நிற்கிறது. அது பேசாது. ஆனால் அரசன் நீதி தவறினால் கண்ணீர் விடும்!

இதெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். கவிஞன் என்ன நினைத்தான் என்று பாருங்கள். திருட்டுக்குக் காவல், நோய்க்கு மருந்து, பித்துக்கு ஆறுதல், குற்றத்துக்குத் தண்டனை, ஆட்சிக்குக் கண்காணிப்பு. இந்த ஐந்தையும் அவன் அரண்மனைக்குள்ளே வைக்கவில்லை ஐயா. ஊர் நடுவிலே, எல்லாரும் வந்துபோகிற திறந்த வெளியிலே வைத்தான்! (கைதட்டல்)

இனி மணிமேகலைக்கு வாருங்கள். யானை மேலே முரசு ஏற்றி விழா அறிவிக்கிறார்கள். ஊராருக்கு வேலை சொல்கிறார்கள். மாடத்திலும் வாயிலிலும் கொடி கட்டச் சொல்கிறார்கள். தெருவிலும் மன்றத்திலும் பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணல் பரப்பச் சொல்கிறார்கள். கவனித்தீர்களா நடுவர் அவர்களே? மாடத்துக்குக் கொடி, தெருவுக்கு மணல். கொடி எதற்கு? பார்க்க. மணல் எதற்கு? நடக்க! ஊரார் நடந்து கால் நோகக் கூடாதே என்று கவலைப்பட்டானே, அவன்தான் விழா எடுக்கத் தெரிந்தவன்! (கைதட்டல்)

அதோடு நிறுத்தவில்லை. தம் சமயக் கருத்தை வாதாட வந்தவர்களை எங்கே ஏறச் சொன்னார்கள் தெரியுமா? பட்டிமண்டபத்திலே! இன்றைக்கு நீங்களும் நானும் நிற்கிற இந்த மேடைக்கே ஊர் விழாவிலேதான் இடம் கொடுத்தார்கள். பகைவரோடு கூடச் சண்டை போடாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அதை மட்டும் எதிரணி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். (சிரிப்பு)

நான் மதுரையிலே வளர்ந்தவன். எங்க ஊரிலே தெருவுக்குப் பேரே மாதம்தான். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. வெளியூர்க்காரர் வழி கேட்டால், "ஆவணியைத் தாண்டி மாசிக்கு வாங்க" என்போம். அவர் நாலு மாசம் கழித்து வரச் சொல்கிறோமோ என்று திகைத்துப் போவார். (பலத்த சிரிப்பு) ஒரு ஊரின் படத்தையே திருவிழாவை வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

எங்க மீனாட்சி கோயிலை விடவா ஒரு கட்டடம் வேண்டும்? வானத்தைத் தொடுகிற தெற்குக் கோபுரம், ஆயிரங்கால் மண்டபம், சிற்பம்! ஆனால் நான் எதிரணியைக் கேட்கிறேன். கட்டடமே போதும் என்றால், சித்திரைத் திருவிழாவிலே சாமி ஏன் ஐயா வெளியே வருகிறது? தேரிலே ஏறி மாசி வீதிக்கு ஏன் வருகிறது? அழகர் மலையிலிருந்து இறங்கி வைகை ஆற்றுக்கு ஏன் வருகிறார்? சாமிக்கே நாலு சுவருக்குள்ளே இருக்க முடியவில்லை! ஜனங்களைப் பார்க்கத் தெருவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது! (நீண்ட கைதட்டல்)

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் இந்த இடத்திலே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோயிலுக்குள்ளே எல்லாரும் போக முடிந்ததா? 1939-லே, ஜூலை 8-ஆம் தேதி, வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சமூகத்து நண்பர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவரை கதவு அவர்களுக்குச் சாத்தித்தான் இருந்தது. கோயில் என்ன, தெருவே எல்லாருக்கும் பொதுவாக இல்லையே! 1924-லே வைக்கத்திலே எதற்காகப் போராடினார்கள்? கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே மனுஷன் நடப்பதற்காக! பெரியார் போய்ச் சிறைப்பட்டது எதற்காக? தெருவிலே நடக்கிற உரிமைக்காக!

ஆகவே 'பொது' என்ற இரண்டெழுத்துச் சொல் சும்மா கிடைத்ததல்ல. அடி வாங்கி, சிறைக்குப் போய் வாங்கியது. கல்லாலே கட்டிய கட்டடத்துக்கு விழா எடுக்கிற நாம், கண்ணீராலே கட்டிய பொது இடத்துக்கு விழா எடுக்க வேண்டாமா? (கைதட்டல்)

மறுபடி சென்னைக்கு வருவோம். மூர் மார்க்கெட் ஞாபகம் இருக்கிறதா? 1900-லே திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, முயல் என்று கிடைக்காத பொருள் கிடையாது. வாத்தியார் சம்பளத்திலே புத்தகம் வாங்குகிறவனுக்கு அதுதான் சொர்க்கம். 1985-லே தீப்பிடித்தது. கட்டடம் போய்விட்டது. அந்த இடத்திலே இன்றைக்கு ரயில் நிலையம் நிற்கிறது. ஆனால் வியாபாரம் போனதா? பக்கத்து அல்லிக்குளத்துக்கு நகர்ந்தது. பழைய புத்தகம் தேடி ஜனங்கள் அங்கே போனார்கள். ரயில் நிலையத்தை இன்றைக்கும் ஜனங்கள் மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறார்கள்! கட்டடம் எரிந்தது, கூடுகிற பழக்கம் எரியவில்லை. கூடுகிற பழக்கம் போய்விட்டால் கட்டடம் நின்று என்ன பிரயோசனம்? அதற்குப் பெயர் கட்டடமா? காலிப் பெட்டி!

நடுவர் அவர்களே, ஒரு வருஷம் இந்தச் சென்னை விழாவிலே மயிலாப்பூர் நடைக்கு நானும் போனேன். வழிகாட்டிய தம்பி ரொம்பக் கெட்டிக்காரர். கோபுரத்தைக் காட்டி ஆண்டு, அளவு, சுதைவேலை என்று அருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கூட்டத்திலே எழுபது வயதிருக்கும், ஒரு பாட்டியம்மா. அவர் சொன்னார்: "தம்பி, கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல பாட்டி உட்கார ஒரு இடம் காட்டு." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தேடினோம். கடைப் படியிலே சாமான் அடுக்கியிருக்கிறது. நடைபாதையிலே வண்டி நிற்கிறது. கடைசியிலே யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேலே சாய்ந்துகொண்டுதான் அந்தம்மா மீதி வரலாற்றைக் கேட்டார்கள். (சிரிப்பு)

ஒருகாலத்திலே வீட்டுக்கு வீடு திண்ணை வைத்தோமே ஐயா! யார் என்று கேட்காமல் வழிப்போக்கன் உட்கார, சொந்த வீட்டிலேயே ஒரு பொது இடம்! திண்ணையை இடித்துக் கேட் போட்டோம். கேட்டுக்குக் காவலாளி போட்டோம். உள்ளே 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை போட்டோம். அப்புறம் "பிள்ளைகள் எப்ப பார்த்தாலும் செல்போனையே நோண்டுதுங்க" என்று அழுகிறோம். அது வேறு எங்கே ஐயா போகும்?

தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். சபையிலே பேசக் கூசுகிற விஷயம்தான், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். என் வீட்டம்மா தி.நகருக்குப் புறப்பட்டால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். "ஏம்மா, இந்த வெயில்ல தண்ணி குடிக்காமப் போறியே?" என்று கேட்டேன். "குடிச்சா எங்கே போறது?" என்றார்கள். என்னாலே பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறவனுக்குப் பதில் இல்லை! ஒரு பெண் தாகத்தை அடக்கிக்கொண்டு நடக்கிற தெருவிலே எத்தனை அழகான கட்டடம் இருந்தால் என்ன? சுத்தமான ஒரு கழிப்பறையும் நிழலிலே ஒரு பெஞ்சும் அவளுக்கு மாளிகையை விடப் பெரிசு! (நீண்ட கைதட்டல்)

குறை மட்டும் சொல்லக் கூடாது. நல்லதும் நடக்கிறது. அதே தி.நகரிலே, 2019 நவம்பரிலே பாண்டி பஜாரை அகலமான நடைபாதையோடு திறந்தார்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள். ஒன்றுமே வாங்காமல் குடும்பத்தோடு உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். பெரிய வணிக வளாகத்துக்குள்ளே எவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியும்? கையிலே பை இல்லையென்றால் காவலாளி இரண்டு சுற்று சுற்றுவார். (சிரிப்பு) காசில்லாதவனும் கௌரவமாக உட்காரலாம் என்றால், அந்த இடம்தான் நகரம்.

கடைசியாக ஒன்று. மெரினாக் கடற்கரை. 1880-களிலே ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுசாலை அமைத்து, மெரினா என்று பேர் வைத்தார். ஏழை, பணக்காரன், காதலர், கிழவர், சுண்டல் விற்கிற பையன் எல்லாருக்கும் ஒரே மணல். டிக்கெட் இல்லாத இடம். இதை விடப் பொதுவான இடம் உண்டா என்று நாம் மார் தட்டுவோம். ஆனால் சக்கர நாற்காலியிலே இருக்கிறவர்? மணலிலே சக்கரம் புதையும். சாலையிலே இருந்தே அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதே ஊரிலே பிறந்து, இதே ஊரிலே வளர்ந்து, கடலிலே கால் நனைக்காதவர்கள் எத்தனை பேர்!

அவர்கள் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். முதலிலே வருஷத்துக்குச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். அந்தச் சில நாள்தான் அவர்களுக்குத் திருவிழா. 2022 நவம்பரிலே நிரந்தரமாகவே மரத்திலே ஒரு பாதை அமைத்துத் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. "போனது போகட்டும்" என்று விட்டுவிடவில்லை, சரிசெய்தார்கள். அதை யாராவது அஞ்சலட்டையிலே படமாகப் போடுவார்களா? மாட்டார்கள். கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, சிற்பம் இல்லை. வெறும் பலகை! ஆனால் அந்தப் பலகை மேலே சக்கர நாற்காலியிலே போய் அலைக்கு முன்னாலே நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் ஐயா! எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலே தெருவிலே புது மணல் பரப்பச் சொன்னானே, அவன் செய்த அதே வேலை இது! இந்த ஊர் உனக்கும் சொந்தம் என்று ஒரு மனுஷனுக்குச் சொல்கிற வேலை! (பலத்த, நீண்ட கைதட்டல்)

எதிரணியினருக்கு அன்போடு சொல்கிறேன். கட்டடங்களை இடிக்கச் சொல்லவில்லை. காப்பாற்றுங்கள். வெள்ளையடியுங்கள். விளக்குப் போடுங்கள். ஆனால் கதவையும் திறங்கள். விழா ஒரு வாரம் திறக்கிற கதவு, மீதி ஐம்பத்தோரு வாரமும் திறந்திருக்க என்ன வழி என்று யோசியுங்கள். அடுத்த ஆகஸ்டிலே நடை போகிறபோது கட்டடத்தின் உயரத்தை அளக்கிற பிள்ளைகளிடம், அதற்கு முன்னாலே எத்தனை பேர் உட்கார முடிகிறது என்றும் எண்ணச் சொல்லுங்கள்.

இந்திர விழா என்ன ஆயிற்று தெரியுமா? அரசன் தன் பிள்ளையைக் காணோம் என்று தேடுகிற கவலையிலே விழாவை மறந்தான்; ஊரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. தன் வீட்டுக் கவலை பெரிசாகும்போது ஊரை மறப்பது மனுஷ இயல்புதான். ஆனால் ஊரை எல்லாரும் மறந்துவிட்டால், அப்புறம் நம் வீடு மட்டும் எங்கே நிற்கும்? மாடமும் மாளிகையும் சேர்ந்தல்லவா கடலுக்குள்ளே போயின!

ஆகவே நடுவர் அவர்களே, மாளிகைக்கு ஒரு கொடி கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தெருவுக்கு மணல் பரப்பச் சொல்லித் தீர்ப்பு எழுதுங்கள். சென்னை விழாவில் நாம் பெரிதும் போற்ற வேண்டியவை பொது இடங்களே, பொது இடங்களே என்று கூறி விடைபெறுகிறேன்.

(கைதட்டல்)